குணசேகரின் பணத்தில் என் பங்கு

பதினான்கு மாதமாக இறந்துபோன ஒருவருடைய தபாலை நான் பிரித்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டு வாசலில், ஒரு கம்பின் மேல் நிற்கும் தகரப் பெட்டிக்குள் அவை வருகின்றன. உறையின் மேல் ‘எஸ்டேட் ஆஃப் குணசேகர்’ என்று இருக்கும். அதன் கீழே என் பெயரும் என் முகவரியும். எஸ்டேட் என்றால் நமக்கு ஊட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம்தான் ஞாபகம் வரும். இங்கே ஒருவர் செத்தபின் விட்டுப்போகும் வீடு, கார், கடன், வங்கியில் மறந்து கிடக்கும் நாற்பது டாலர் எல்லாம் சேர்ந்த மூட்டைக்கு அந்தப் பெயர். பல் மருத்துவமனையிலிருந்து ஒரு அட்டை வந்தது. ஆறு மாதம் ஆகிவிட்டது, பல்லைச் சுத்தம் செய்துகொள்ள வாருங்கள், உங்கள் சிரிப்பைப் பார்த்து நாளாயிற்று என்று எழுதியிருந்தார்கள். நான் போன் செய்து ‘ஹி இஸ் நோ மோர்’ என்றேன். காஞ்சிபுரம் மாவட்டத்தில் எந்த அலுவலகத்திலும் புரியும் இங்கிலீஷ் அது. போனில் இருந்த பெண் மிக இனிமையாக, வேறு மருத்துவமனைக்கு மாறிவிட்டாரா, எங்கள் மேல் அவருக்கு ஏதாவது குறையா என்று கேட்டாள். குறை ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுத்த ஆறு மாதத்தில் இன்னொரு அட்டை வந்தது.

குணசேகர் பிள்ளைப்பாக்கத்துக்காரர். நான் வாலாஜாபாத். எங்களுக்குள் சொந்தம் கிடையாது. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார்கள், அவர் வீட்டில் ஆடி மாதம் கூழ் ஊற்றுவார்கள். இருபது வருடத்துக்கு முன்னால் ஒரகடத்தில், காருக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் ஹெச்.ஆர். உதவியாளராக இருந்தேன். அவர் டிப்ளமா முடித்துவிட்டு டிரெய்னியாக வந்து சேர்ந்தார். பிறகு நான் கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்தேன், அவர் கம்பெனி கம்பெனியாக மாறி வந்து சேர்ந்தார். இங்கே ஒரு மளிகைக் கடையில் துவரம்பருப்பு மூட்டைகளுக்கு நடுவில் நின்று ‘எஸ்தர் மேடம்தானே’ என்று கேட்டார். அன்றிலிருந்து அவர் மனைவி பிரேமா என்னை அக்கா என்றாள், மகள் யாழினி பெரியம்மா என்றாள். அவர் மட்டும் கடைசிவரை மேடத்தை விடவில்லை. போன வருடம், குளிர் விடாத ஒரு காலையில், வேலைக்குப் போக ரயிலுக்காக நின்றவர் நடைமேடையில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. வயது நாற்பத்தொன்று.

வீடு வாங்கியபோது யாரோ சொல்லி அவர் உயில் எழுதியிருந்தார். உயிலில் உள்ளபடி எல்லாவற்றையும் முடித்து வைக்க ஒருவரை நியமிக்க வேண்டும். எக்ஸிக்யூட்டர் என்கிறார்கள். என் பெயரைப் போடலாமா என்று கேட்க ஒரு சனிக்கிழமை வந்தார். “பிரேமாவுக்கு இங்கிலீஷ் பேப்பர்னாலே கை நடுங்கும் மேடம். நீங்கதான் எல்லா பக்கத்தையும் படிப்பீங்க. ஹெச்.ஆர்ல ஒருத்தரும் படிக்காத ஃபாரத்தக் கூட எங்களுக்குப் படிச்சுக் காட்டுவீங்க” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன். டீ போட்டபடியே, உயில் சரி, மற்ற சேமிப்புக் கணக்குகளில் நாமினி பெயரெல்லாம் மாற்றியாயிற்றா என்று கேட்டேன். “அது எதுக்கு மேடம், கல்யாணம் ஆனா பழைய நாமினி தானா செத்துடும்னு நீங்கதானே சொன்னீங்க” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

நான் அதைச் சொன்னது உண்மைதான். ஒரகடத்தில் புதிதாகச் சேரும் பையன்கள் முப்பது பேரை ஒரே அறையில் உட்கார வைத்து பி.எஃப். படிவம் நிரப்பச் சொல்வேன். ‘நான் இறக்க நேரிட்டால்’ என்று தொடங்கும் இடம் வந்ததும் எல்லோரும் என்னை நிமிர்ந்து பார்ப்பார்கள். “இன்னா மேடம், சேர்ற அன்னிக்கே சாவறதுக்கு எழுதச் சொல்றீங்க” என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் பேனாவை மூடி வைத்துவிடுவார்கள். வீட்டில் கேட்டுவிட்டு எழுதுகிறேன் என்பான் ஒருவன். அமாவாசை கழியட்டும் என்பான் இன்னொருவன். அவர்களை எழுத வைக்க நான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். இது சும்மா இப்போதைக்குத்தான், யார் பெயரையாவது எழுதுங்கள், கல்யாணம் ஆன அன்றைக்கே இது தானாகச் செல்லாமல் போய்விடும் என்பேன். பி.எஃப். விதி அப்படித்தான். குடும்பம் இல்லாதவன் எழுதிய நாமினேஷன் குடும்பம் வந்ததும் ரத்து. கல்யாணம் என்றதும் பையன்கள் சிரித்துக்கொண்டே எழுதிவிடுவார்கள். குணசேகர் தன் அண்ணன் கன்னியப்பன் பெயரை எழுதினார். அப்பா இல்லாத வீடு. எட்டாவதிலிருந்து தம்பியைப் படிக்க வைத்தவர் அந்த அண்ணன்தான்.

பி.எஃப். விதி கடல் தாண்டாது. ஹெச்.ஆரில் உட்கார்ந்திருந்த எனக்கே அது இங்கே வந்து பத்து வருடம் உறைக்கவில்லை. உயில் வேலை தொடங்கி இரண்டாவது மாதம், ஒரு காப்பீட்டு நிறுவனத்திலிருந்து குணசேகருக்குக் கடிதம் வந்தது. அமெரிக்கா வந்த புதிதில், கல்யாணத்துக்கு முன், முதல் கம்பெனியை விட்டபோது கிடைத்த ஓய்வூதியப் பணத்தை அவர் ஒரு ஆன்யூட்டியில் போட்டிருந்தார். இப்போது பணம் கட்டினால் வயதான காலத்தில் மாதாமாதம் திருப்பித் தரும் ஒப்பந்தம் அது. பிறகு வருடா வருடம் அதிலேயே சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறார். வீட்டுக் கடனை அடைத்துவிட்டு, யாழினி கல்லூரி முடிக்கும்வரை தாங்கும் தொகை. நாமினி: கன்னியப்பன், உறவு: சகோதரர். இரண்டாவது பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. பிரேமாவிடம் அந்தக் கடிதத்தைக் காட்டியபோது, “கல்யாணம் ஆனா மாறிடும்னு சொல்வாரே அக்கா” என்றாள். யார் சொல்லி அவர் அப்படி நம்பினார் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

இந்த இடத்தில், இங்கே வாழ்கிற நம் ஆட்களுக்கும், பிள்ளைகளை அனுப்பிவிட்டு ஊரில் இருக்கிறவர்களுக்கும் ஒரு விஷயத்தை விளக்கியாக வேண்டும். எக்ஸிக்யூட்டர் வேலைக்குச் சட்டப்படி கூலி உண்டு. எங்கள் மாநிலத்தில் தொடக்கத் தொகைக்கு நூற்றுக்கு ஐந்து, அதற்கு மேலே போகப் போகக் குறையும். ஆனால் உயில் வழியாக, எக்ஸிக்யூட்டரின் கை வழியாகப் போகும் சொத்துக்குத்தான் அந்தக் கூலி. ஆன்யூட்டியிலும் ஓய்வூதியக் கணக்கிலும் ஒருவர் பெயர் எழுதியிருந்தால் பணம் நேராக அவருக்குப் போய்விடும். உயில் அதைத் தொட முடியாது, எக்ஸிக்யூட்டருக்கும் அதில் ஒரு காசு கிடையாது. எங்கள் வழக்கறிஞர் லிண்டா, அறுபது வயது அம்மாள், இதை எனக்கு ஒரு காகிதத்தில் எஸ்டேட்டுக்கு ஒன்று, அதற்கு வெளியே ஒன்று என்று இரண்டு வட்டம் போட்டுக் காட்டினாள். பிறகு வெளியே இருந்த வட்டத்திலிருந்து உள்ளே ஒரு அம்புக்குறி போட்டாள். தம்பி இறந்த ஒன்பது மாதத்துக்குள் அண்ணன், இந்தப் பணம் எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், இரண்டாவது பெயர் இல்லாததால் பணம் எஸ்டேட்டுக்குள் வந்து விழும். அங்கிருந்து உயில்படி பிரேமாவுக்குப் போகும். இரண்டு நிபந்தனை. அவர் அதுவரை அந்தப் பணத்தைத் தொட்டிருக்கக் கூடாது. வேண்டாம் என்று எழுதுவதற்காக யாரிடமும் எதையும் வாங்கியிருக்கக் கூடாது, வாங்குவதாகப் பேச்சும் இருக்கக் கூடாது. இருந்தால் அந்தக் காகிதம் நிற்காது. சொல்லி முடித்துவிட்டு, “அப்படி உள்ளே வந்தால் உன் கமிஷனும் கூடும், நல்லதுதான்” என்றாள். எனக்குக் கமிஷன் வேண்டாம் என்றேன். நான் பணிவுக்காகச் சொல்கிறேன் என்று நினைத்து மூன்று முறை கேட்டாள். கடைசியில், கூலியை விட்டுக்கொடுப்பதாக ஒரு கடிதம் தயார் செய்து என் கையெழுத்து வாங்கினாள்.

கன்னியப்பன் கையெழுத்துப் போட வேண்டிய காகிதமும் என் கடிதத்தின் நகலுமாக, குணசேகர் இறந்து எட்டு மாதம் முடிந்ததும் ஊருக்குப் போனேன். வாலாஜாபாத்தில் எங்கள் வீட்டை அப்பா இறந்ததும் அண்ணன்கள் விற்றுவிட்டார்கள். அதனால் ஸ்ரீபெரும்புதூரில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். ஷிஃப்டுக்குப் போகிற பஸ்கள் ஜன்னலுக்குக் கீழே ஹாரன் அடித்தபடி நின்றன. எனக்கு இந்தப் பக்கம் பழையபடி இருக்க வேண்டும் என்ற ஆசையெல்லாம் கிடையாது. தொழிற்சாலைதான் எனக்குச் சோறு போட்டது. ஆனால் பிள்ளைப்பாக்கம் போகும் வழியில் காலி மனைகளில் நட்டிருந்த பலகைகளை ஒன்று விடாமல் படித்துக்கொண்டு போனேன். ‘இந்த இடம் வழக்கில் உள்ளது. வாங்குவோர் ஏமாற வேண்டாம்.’ சிவப்பு பெயின்ட்டில், பலகைக்குப் பலகை வேறு வேறு பெயர்கள். ஒவ்வொன்றும் கூடப் பிறந்தவர்கள் போட்டது என்று ஆட்டோக்காரர் சொன்னார். நியூ ஜெர்சியில் விற்பனைக்கு உள்ள வீட்டின் முன்னால் புல்லில் ஒரு அழகான பலகை நிற்கும், புரோக்கரின் சிரித்த முகம் அதில் இருக்கும். இரண்டு ஊரிலும் பலகை வைக்கிற காரணம் ஒன்றுதான், இடம் கை மாறப்போகிறது.

கன்னியப்பனுக்கு ஐம்பத்தைந்து இருக்கும். தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் ஒன்று வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். தம்பியின் படத்துக்கு மாலை போட்டு, பக்கத்தில் அமெரிக்காவில் எடுத்த குடும்பப் படத்தையும் மாட்டியிருந்தார். “வாங்க மேடம், குந்துங்க. அவன் ஒங்களப் பத்திதான் எப்பயும் சொல்லிக்கினு இருப்பான்” என்றார். நான் வட்டம் போட்டு விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார். “அப்ப இது விடுதலைப் பத்திரம் மாதிரி” என்றார். அதே மாதிரிதான் என்றேன். நம் பக்கத்தில் அது எல்லோருக்கும் தெரிந்த காகிதம். கூடப் பிறந்தவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து எழுதுவது. “விடுதலைன்னா தொகை இன்னான்னு போடுவாங்களே. நீங்க ஒண்ணும் போடலியே” என்றார். இதில் தொகை போடக் கூடாது, பிரேமாவிடம் நீங்கள் எதுவும் வாங்கக் கூடாது என்றேன். அவர் அதற்குக் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.

“இதுல ஒங்களுக்கு எவ்ளோ மேடம்” என்று கேட்டார். இந்தக் கேள்விக்காகத்தான் நான் தயாராக வந்திருந்தேன். கையெழுத்துப் போடாவிட்டால் எனக்கு ஒன்றுமில்லை, போட்டால் நூற்றுக்கு ஐந்து வரை சட்டம் தருகிறது, நான் அதையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், இதோ பாருங்கள் என்று இரண்டாவது காகிதத்தை நீட்டினேன். எனக்கு உள்ளூர ஒரு நிறைவு இருந்தது, இந்த மனிதர் என்னை மதிக்கப்போகிறார் என்று. அவர் காகிதத்தை வாங்கவே இல்லை. முகம் இறுகிவிட்டது. என்னை எழுப்பி வாசலுக்கு அழைத்துப் போய், ஏரிக்கு அந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட, பார்க்கப் பார்க்க முடியாத நீளத்துக்கு நிற்கும் ஒரு கிடங்கைக் காட்டினார்.

“அது எங்குளுது. ஒண்ணரை ஏக்கரா. கமிஷன் கேட்ட புரோக்கருங்க பத்து பேரு வந்தாங்க, அத்தினி பேரயும் பேசி அனுப்பிட்டேன். ஒருத்தன் வந்தான், எனக்குக் கமிஷனே வேணாம்ணா, ஒங்க பையன் மாதிரி நெனச்சுக்கோங்கன்னான். பவர் எழுதிக் குடுத்தோம். இப்ப அங்க நின்னா வாட்ச்மேன் என்ன வெரட்டுறான்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்க நல்லவங்கதான் மேடம். ஆனா வேணாம்னு சொல்றவங்களக் கண்டா எனுக்கு பயம்” என்றார். அன்று டீ கூட முழுதாகக் குடிக்காமல் திரும்பினேன். காலவரம்புக்கு மூன்று வாரம் மீதி இருந்தது. எனக்கு லீவு அவ்வளவும் இல்லை, ஆறு நாள்தான் இருந்தது.

லாட்ஜ் அறையில் உட்கார்ந்து அவர் சொன்னதை யோசித்தேன். இந்த முப்பது கிலோமீட்டரில் முப்பது வருடமாக நிலம் கை மாறிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒருவன் இடையில் நின்று வாங்கியிருக்கிறான். வாங்குகிறவன் என்ன வாங்குகிறான் என்று தெரிந்தால் அவனிடம் எவ்வளவு இழந்தோம் என்றும் தெரியும். ஒன்றும் வாங்காதவன் என்ன எடுத்துப் போவான் என்று யாருக்கும் தெரியாது. என் நேர்மை அங்கே அப்படித்தான் தெரிந்திருக்கிறது. பிரேமா போன் செய்தாள். வங்கி கெடு வைத்துவிட்டது, வீட்டைப் பார்க்க ஆள் வந்தது, யாழினி தன் அறைக் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு திறக்க மாட்டேன் என்றாள் என்று சொன்னாள். “யாழினி பெரியப்பா நல்லவர்தான்க்கா. அவர் கிட்ட ஒழுங்கா சொல்லுங்க” என்றாள். அந்த ‘ஒழுங்கா’ எனக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் போய், நான் என் முடிவை மாற்றிக்கொண்டேன், கமிஷன் எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்றேன். அவர் முகம் தெளிந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாற்காலியை இழுத்து எனக்கு நெருக்கமாகப் போட்டுக்கொண்டார். “இப்பதான் பேசுறீங்க” என்றார். பிறகு, குரலைத் தாழ்த்தாமல், பிழையே இல்லாத ஒன்றைச் சொல்வது போலச் சொன்னார். “அறுவது சென்ட் வித்துதான் அவன அனுப்பினேன். அதுக்குன்னு கொழந்த பணத்துல கை வெச்சா எனுக்கு சோறு எறங்காது. பிரேமா கிட்ட ஒரு ரூபா வாங்க மாட்டேன். ஒங்க கமிஷன் வேற. அது புரோக்கர் பணம். அதுல பாதி எனுக்குக் குடுத்துடுங்க. சும்மா கையெழுத்து போட்டான் கன்னியப்பன்னு ஊர்ல ஒருத்தன் சொல்லக் கூடாது.”

நம் பக்கத்து வழக்கப்படி இதில் தப்பே கிடையாது. விற்கிறவன் புரோக்கரிடம் பாதி கமிஷனைத் திரும்பக் கேட்பான், புரோக்கர் கொடுப்பான், இருவரும் சேர்ந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். தம்பி மகள் பணத்தைத் தொட மாட்டேன் என்கிற மனிதர் அவர், அதை நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் லிண்டாவின் இரண்டாவது நிபந்தனை எனக்குத் தெரியும். யாருடைய பையிலிருந்து வந்தாலும் அது கையெழுத்துக்குக் கொடுத்த விலை. அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவர் மறுபடி எழுந்து கிடங்கைக் காட்டப் போவார் என்று பயந்தேன். நான் தலையாட்டினேன். சரி என்றுதான் ஆட்டினேன். இதை வேறு எப்படியாவது எனக்குச் சொல்லிக்கொள்ள முடியுமா என்று பல நாள் முயன்று பார்த்துவிட்டேன்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு நோட்டரி வக்கீல் முன்னால் கையெழுத்தானது. மாடியில் ஒரு சின்ன அறை, மேலே மின்விசிறி, கீழே பூக்கடை. வக்கீல் என்னிடம், “இங்கிலீஷ்ல இருக்கு. அவருக்குப் படிச்சுக் காட்டிட்டீங்களா” என்றார். இப்போது காட்டுகிறேன் என்று சொல்லி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். கன்னியப்பன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டினார். நான்காவது பத்தியில் ஒரு வரி: இதற்கு ஈடாக எவரிடமிருந்தும் எதையும் நான் பெறவில்லை, எதுவும் எனக்கு வாக்களிக்கப்படவும் இல்லை. அதை நான் படிக்கவில்லை. விரலை நகர்த்தி ஐந்தாவது பத்திக்குப் போய்விட்டேன். எல்லாப் பக்கத்தையும் படிப்பவள் என்று என்னைத் தேர்ந்தெடுத்த மனிதரின் அண்ணன், நான் படிக்காமல் விட்ட வரிக்குக் கீழே நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, “தம்பி நிம்மதியா இருப்பான்” என்றார். கீழே இறங்கி எனக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கிக் கொடுத்தார்.

திரும்பி வந்ததும் லிண்டா காகிதத்தைப் பார்த்துவிட்டு, அவருக்கு யாரும் ஒன்றும் கொடுக்கவில்லையே என்று கேட்டாள். கொடுக்கவில்லை என்றேன். இன்னும் கொடுக்கவில்லை, ஆகவே பொய்யில்லை என்று காரில் வரும்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆன்யூட்டி பணம் எஸ்டேட்டுக்குள் வந்தது. வீட்டுக் கடன் அடைந்தது. வாசலில் புரோக்கர் முகம் போட்ட பலகை வைக்கப்படாமலே போயிற்று. இறுதிக் கணக்கு எழுதும் நாளில், கமிஷனை விட்டுக்கொடுக்கும் பழைய கடிதத்தை லிண்டா கையில் எடுத்தாள். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். “நல்ல முடிவு. உழைத்தவர்களுக்குக் கூலி வேண்டும்” என்று சொல்லிக் கிழித்துப் போட்டாள்.

அந்தக் கணக்கைப் பிரேமா ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்தாள். காகிதம் என்றாலே கை நடுங்குகிறவள், இந்த ஒரு வருடத்தில் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். எக்ஸிக்யூட்டர் கமிஷன் என்ற வரியில் விரல் நின்றது. “வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன்னு சொன்னீங்களே அக்கா” என்றாள். செலவு வந்துவிட்டது பிரேமா என்றேன். என்ன செலவு என்று அவள் கேட்டிருந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அவள் கேட்கவில்லை. “எடுத்துக்கோங்க. நீங்கதானே அலைஞ்சீங்க” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் யாழினி எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. நீச்சல் வகுப்பு என்கிறாள். இருக்கலாம்.

பணம் என் கணக்கில் தனியாகக் கிடக்கிறது. பாதியை அனுப்பினால், எக்ஸிக்யூட்டர் வேலையைச் சட்டப்படி செய்வேன் என்று நீதிமன்றத்தில் கையை உயர்த்தி எடுத்த உறுதிமொழி பொய். அனுப்பியது ஒருநாள் யாருக்காவது தெரிந்தால், கன்னியப்பன் போட்ட கையெழுத்து செல்லாது என்று காப்பீட்டு நிறுவனமோ வரித்துறையோ பிரேமாவைத் தேடி வரலாம். அனுப்பாவிட்டால், கமிஷன் வேண்டாம் என்று வந்த அந்தப் புரோக்கர் பையனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? பணத்தைப் பிரேமாவிடமே கொடுத்துவிடலாம் என்று ஒருநாள் வண்டியை எடுத்தேன். ஏன் எடுத்தீர்கள், ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்பாள். அவள் கேட்டால் நாமினி கதை முதற்கொண்டு சொல்ல வேண்டும். பாதி வழியில் திரும்பிவிட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

கன்னியப்பன் வாரத்துக்கு ஒருமுறை பேசுகிறார். எங்களுக்குக் காலைச் சிற்றுண்டி நேரம், அவருக்கு சாயங்கால ஷிஃப்ட் இறக்கிவிட்டு வீடு திரும்பும் நேரம். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். கேட்டால் மரியாதை இல்லை என்று நினைக்கிறார். என்னை இப்போது தங்கச்சி என்கிறார். போன வாரம் ஒரு படம் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார். அவர் வீட்டு மொட்டை மாடியில் புதிதாக எழுப்பிய சுவர்கள். இன்னும் பூசவில்லை, செங்கல் தெரிந்தது. “மேல ரெண்டு ரூம்பு எடுத்துக் கீறேன் தங்கச்சி. சிமென்ட்டு கடைக்காரன் நம்ம ஆளு, ஒன் பேரச் சொன்னேன், காச மெதுவா குடுன்ட்டான். ஒரு ரூம்பு பிரேமாவும் பாப்பாவும் வந்தா. இன்னொண்ணு ஒனக்கு. லாட்ஜுல போய்த் தங்கறது இன்னா பழக்கம்? அட்டாச் பாத்ரூமு வெச்சு கீறேன். தளம் மட்டும் பாக்கி. நீ சொல்ற அன்னிக்குப் போட்டுடலாம்.”

பார்க்கிறேன் அண்ணா என்று சொல்லிவிட்டு வைத்தேன். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்கு சுவர், ஒரு ஜன்னல் வைக்க விட்ட சதுரம், அதற்கு வெளியே ஏரியும் கிடங்கின் தகரக் கூரையும் தெரிந்தன. மேலே ஆகாயம்தான் இருந்தது. நான் பிறந்த மண்ணில் என் பெயரைச் சொல்லி இருக்கிற ஒரே அறை அது.